சிலிக்கான் அணுக்கள் உங்கள் ஏ.எஃப்.எம். படத்தில் ஏன் தெரியவில்லை?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ப்ராஜெக்டுக்காக ஒரு ஆய்வகத்தில் சிலிக்கான் வேஃபர் (மெல்லிய தகடு) துண்டை அணுவிசை நுண்ணோக்கியில், அதாவது கூரிய முனை ஒன்றால் பரப்பைத் தடவி, முனை உணரும் விசையை வைத்துப் படம் வரையும் ஏ.எஃப்.எம்.மில், வைத்துப் பார்த்தார்களாம். முனையை ஆட்டித் தட்டித் தட்டிப் பார்க்கும் டேப்பிங் மோடில், ஸ்கேன் பரப்பை 1 மைக்ரானில் தொடங்கி 10 நானோமீட்டர் வரை சுருக்கியும் ஒழுங்கில்லாத மேடுபள்ளம்தான் வந்ததாம். "பாடப்புத்தகத்தில் அணுக்கள் வரிசையாக இருக்கின்றன சார். எங்கள் முனை மழுங்கிவிட்டதா? வெற்றிடத்தில் வைத்தால் தெரிந்துவிடுமா? இல்லை, அந்தப் படங்களே கணினியில் மெருகேற்றியவையா?" என்பது கேள்வி.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். படங்கள் உண்மையானவை. சிலிக்கான் (111) பரப்பின் (படிகத்தை எந்தத் தளத்தில் வெட்டியது என்பதைச் சொல்லும் எண்) அணுக்களை முதன்முதலாக நேரடியாகக் காட்டிய படம் 1983இல் வெளிவந்தது. சூரிச் ஐ.பி.எம். ஆய்வகத்தில் கெர்ட் பின்னிக், ஹைன்ரிச் ரோரர் குழு எஸ்.டி.எம்.மில், அதாவது முனைக்கும் பரப்புக்கும் இடையே தாவும் மின்னோட்டத்தை அளக்கும் நுண்ணோக்கியில், எடுத்தது. அதில் கணினி மெருகே கிடையாது. ரெக்கார்டர் பேனா தாளில் வரைந்த கோடுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, ஒரு புடைப்புச் சிற்பம் மாதிரி செய்து அதைத்தான் வெளியிட்டார்கள். ஆனால் அது மின்னோட்டத்தை அளந்து எடுத்த படம். விசையை அளந்து அதே பரப்பின் அணுக்களைக் காட்ட மேலும் பன்னிரண்டு வருடம் ஆயிற்று. ஏன் அவ்வளவு காலம் என்பதில்தான் உங்கள் மற்ற கேள்விகளுக்கும் பதில் இருக்கிறது.

முனை மழுங்கியிருக்கலாம், அது வேறு விஷயம். புத்தம்புது முனையைப் போட்டிருந்தாலும் உங்களுக்கு இதே படம்தான் வந்திருக்கும். ஏனென்றால் நீங்கள் பார்த்தது சிலிக்கானே அல்ல. பெட்டியிலிருந்து எடுத்த எந்த வேஃபரின் மேலும் 1 முதல் 2 நானோமீட்டர் தடிமனுக்கு ஆக்சைடு படிந்திருக்கும். அது கண்ணாடி வகை. அணுக்கள் இருக்கின்றன, வரிசைதான் இல்லை. அதற்கு மேல் காற்றிலிருந்து ஒட்டிய கார்பன் அழுக்கு, அதற்கும் மேல் தண்ணீர்ப் படலம். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று அடிக்கும்போது நம் பக்கத்து ஆய்வகங்களில் அந்தப் படலம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முனைக்கும் பரப்புக்கும் நடுவில் இந்தத் தண்ணீர் ஒரு கழுத்துபோல ஒட்டிக்கொண்டால் அதன் இழுவிசை மட்டுமே பத்து நானோநியூட்டன் கணக்கில் போகும். நாம் தேடுகிற ஒற்றை அணுப் பிணைப்பின் விசையோ ஏறத்தாழ 2 நானோநியூட்டன்தான்.

சரி, ஆக்சைடை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைத்துவிட்டால்? கரையும். ஆனால் சிலிக்கான் வெறுமையாக நிற்காது. ஹைட்ரஜன் வந்து மூடிக்கொள்ளும். கொஞ்ச நேரத்துக்கு அந்த மூடி காக்கும், பிறகு காற்றில் மெல்ல மெல்ல ஆக்சைடு திரும்பிவிடும். எப்படியும் அது பாடப்புத்தகப் படத்தில் உள்ள பரப்பு அல்ல. தவிர, அந்த அமிலம் எலும்புவரை போகக்கூடியது. பழக்கப்பட்ட ஆள் பக்கத்தில் இல்லாமல் யாரும் தொட வேண்டாம்.

வெற்றிடம் பற்றிப் பலருக்கும் இருக்கும் தவறான எண்ணம், அது நுண்ணோக்கிக்குத் தேவைப்படுகிறது என்பது. நுண்ணோக்கி காற்றிலும் வேலை செய்யும். வெற்றிடம் முதலில் தேவைப்படுவது சிலிக்கானுக்கு. படிகத்தை (111) தளத்தில் வெட்டினால் மேலே நிற்கும் ஒவ்வொரு அணுவுக்கும் ஒரு பிணைப்பு ஜோடி கிடைக்காமல் தொங்கும். எதிரில் வருகிற ஆக்சிஜனோ நீரோ எதுவானாலும் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு வேகத்தில் என்று ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 10⁻⁶ டார் அழுத்தத்தில் (ஒரு டார் ஏறத்தாழ 1.33 மில்லிபார்), வந்து மோதும் மூலக்கூறெல்லாம் ஒட்டினால், ஏறக்குறைய ஒரு நொடியில் பரப்பு முழுக்க ஒரு அடுக்கு மூடிவிடும். சாதாரணக் காற்றழுத்தத்தில் அதே வேலை நொடியின் நூறுகோடியில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும். 10⁻¹⁰ மில்லிபாருக்கு இறக்கினால் மூன்று நான்கு மணி நேரம் கிடைக்கும். நல்ல வெற்றிட சேம்பரில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன் மூலக்கூறு. அது சிலிக்கானில் அவ்வளவு சுலபமாக ஒட்டாது. அதனால் நடைமுறையில் ஒரு நாள் முழுக்க வேலை செய்யலாம். நீராவி இருந்தால் மட்டும் கதை கந்தல்.

இப்படித் தொங்கும் பிணைப்புகளை வைத்துக்கொண்டு சிலிக்கானும் சும்மா இருப்பதில்லை. வெற்றிடத்தில் சூடாக்கி ஆறவிட்டால் மேலடுக்கு அணுக்கள் தங்களைத் தாங்களே மாற்றி அடுக்கிக்கொள்கின்றன. உள்ளே இருக்கும் படிகத்தின் அலகைப் போல ஏழு மடங்கு நீளம், ஏழு மடங்கு அகலம் கொண்ட புதிய அலகு உருவாகிறது. அதைத்தான் 7×7 என்கிறார்கள். எலெக்ட்ரான் விளிம்புவிளைவில், அதாவது பரப்பில் பட்டுச் சிதறும் எலெக்ட்ரான்கள் காட்டும் புள்ளிக்கோலத்தில், இதை ஷ்லியரும் ஃபார்ன்ஸ்வொர்த்தும் 1959இலேயே பார்த்துவிட்டார்கள். அணுக்கள் எங்கெங்கே நிற்கின்றன என்பதுதான் கால் நூற்றாண்டுக்குத் தீராத புதிராக இருந்தது. எஸ்.டி.எம். படம் ஒரு அலகில் 12 மேடுகளையும் மூலையில் ஒரு குழியையும் காட்டியது. 1985இல் தாகயானகி குழு முழு மாதிரியை முன்வைத்தது: மேலே தனித்து நிற்கும் 12 அணுக்கள், அவற்றுக்குக் கீழடுக்கில் 6, மூலைக்குழி ஒன்று, எல்லையோரங்களில் 9 ஜோடிகள். மாற்றி அடுக்காமல் இருந்திருந்தால் அந்தப் பரப்பளவில் 49 தொங்கு பிணைப்புகள் இருந்திருக்கும். இப்போது 19தான். ஆற்றலை மிச்சம் பிடிப்பதற்காக இவ்வளவு சிக்கலான ஏற்பாடு. எனக்குத் தெரிந்து திண்மப் பரப்புகளில் இதைவிட அழகான ஒன்று இல்லை.

நுண்ணோக்கிக்காரர்களுக்கு இதில் ஒரு சௌகரியமும் உண்டு. மேலே நிற்கும் அணுக்களில் பக்கத்துப் பக்கத்து இரண்டுக்கு நடுவே 0.77 நானோமீட்டர் இடைவெளி. அணு உலகில் அது தாராளமான தூரம். மூலைக்குழியோ நன்றாக ஆழமானது. எங்கே இருக்கிறோம் என்று உடனே தெரிந்துவிடும். அதனால்தான் புதிதாக ஒரு கருவி வாங்கியவர்கள் முதலில் 7×7ஐ எடுத்துப் பார்த்துச் சோதிக்கிறார்கள்.

தயாரிக்கும் முறையைச் சொல்கிறேன், ஏனென்றால் புத்தகங்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடும், ஆய்வகத்தில் பாதி உழைப்பு இதில்தான் போகும். முதலில் சேம்பரையே 120–150 டிகிரி செல்சியஸில் ஒன்றிரண்டு நாள் சுட வேண்டும். சுவரில் ஒட்டியிருக்கும் தண்ணீரை விரட்ட வேறு வழி இல்லை. பிறகு வேஃபர் துண்டின் வழியாகவே மின்னோட்டம் செலுத்தி 600 டிகிரியில் பல மணி நேரம், வழக்கமாக ராத்திரி முழுக்க, வைத்து வாயுக்களை வெளியேற்றுவார்கள். அதன்பின் சில நொடிகளுக்கு மட்டும் 1200 டிகிரிக்கு ஏற்றுவது. இதற்கு ஃபிளாஷ் என்று பெயர். ஆக்சைடு போய்விடும், கார்பன் கரைந்துவிடும். இந்த நேரத்தில் அழுத்தம் 10⁻⁹ மில்லிபாரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உடனே இறக்கிவிட்டு, அழுத்தம் தணிந்த பிறகு மறுபடி. கடைசியில் 900 டிகிரியிலிருந்து மெதுவாக ஆறவிட வேண்டும். ஏறத்தாழ 860 டிகிரியில்தான் 7×7 அடுக்கு உருவாகிறது. அந்த இடத்தை அவசரமாகக் கடந்தால் சின்னச் சின்னத் துண்டுகளாக, ஒழுங்கில்லாமல் நின்றுவிடும். வெப்பநிலையை வெளியிலிருந்து, துண்டின் ஒளிர்வை அளக்கும் பைரோமீட்டரில் பார்ப்பார்கள்.

இன்னொன்று: துண்டை எவர்சில்வர் இடுக்கியால் தொடக் கூடாது. துளி நிக்கல் ஒட்டினாலே போதும், சூடாக்கும்போது உள்ளே போய், பரப்பில் வேறு மாதிரி அடுக்கு வந்துவிடும். பீங்கான் முனை இடுக்கியோ பிளாஸ்டிக்கோ பயன்படுத்துவார்கள்.

பரப்பு தயார். இப்போது விசைக்கு வருவோம்.

பின்னிக், கால்வின் குவேட், கிறிஸ்டோஃப் கெர்பர் மூவரும் ஏ.எஃப்.எம்.மை 1986இல் வெளியிட்டார்கள். எஸ்.டி.எம்.முக்கு மின்சாரம் கடத்தும் பரப்பு வேண்டும், இதற்கு அது வேண்டாம் என்பதுதான் பெருமை. ஆனால் துல்லியத்தில் எஸ்.டி.எம்.மோடு போட்டி போட முடியவில்லை. காரணம் எளிது. எஸ்.டி.எம்.மில் முனைக்கும் பரப்புக்கும் இடைவெளி 0.1 நானோமீட்டர் கூடினால் மின்னோட்டம் பத்தில் ஒன்றாக விழும். அதனால் நுனியில் நிற்கும் ஒரே ஒரு அணுதான் வேலை செய்கிறது. பின்னால் முனை எவ்வளவு தடியாக இருந்தாலும் கவலையில்லை. விசை அப்படி இல்லை. நுனி அணுவுக்கும் கீழே உள்ள அணுவுக்கும் இடையே உண்டாகும் வேதிப்பிணைப்பு விசை அரை நானோமீட்டருக்குள்தான் இருக்கிறது. ஆனால் அதோடு சேர்ந்து, முனையின் முழு உடம்பும் பரப்பின் முழு உடம்பும் ஒன்றையொன்று இழுக்கும் வான்டர்வால்ஸ் விசை, நிலைமின் விசை எல்லாம் வருகின்றன. 10 நானோமீட்டர் ஆரமுள்ள முனைக்கு, அரை நானோமீட்டர் தூரத்தில், வான்டர்வால்ஸ் மட்டுமே 1 நானோநியூட்டனுக்கு மேல் இருக்கும். சித்தூரில் கொங்கன்படை நாளில் செண்டைமேளம் முழங்கும்போது பக்கத்தில் நிற்பவர் காதோடு சொல்வதைக் கேட்கப் பார்ப்பது போலத்தான் இது. (பாலக்காட்டுச் சித்தூரைச் சொல்கிறேன், ஆந்திரச் சித்தூரை அல்ல.) காதோடு சொல்வதில்தான் அணுவின் செய்தி இருக்கிறது, மேளத்துக்கு அணு என்று ஒன்று இருப்பதே தெரியாது.

சரி, முனையை அழுத்தித் தேய்த்தால்? மைக்காவிலும் கிராஃபைட்டிலும் அப்படித் தேய்த்து அழகான வரிசைகள் எடுத்தார்கள். ஆனால் அந்தப் படங்களில் ஒரு அணு காணாமல் போன இடம் ஒன்றுகூடத் தெரியாது. பல அணுக்கள் சேர்ந்து தொடுவதால் சராசரி ஒழுங்கு மட்டும் பதிவாகிறது. உண்மையிலேயே அணு தெரிகிறதா என்பதற்கு என் அளவுகோல் இதுதான்: ஒற்றைக் குறை தெரிய வேண்டும். சிலிக்கானிலோ தேய்ப்பதற்கே வழியில்லை. முனையும் சிலிக்கான், பரப்பும் சிலிக்கான், இரண்டிலும் தொங்கு பிணைப்புகள். முனையைத் தாங்கும் மெல்லிய வளையும் பட்டையான கான்டிலீவர் அருகே போனதும் பட்டென்று குதித்து ஒட்டிக்கொள்ளும். பிய்த்தெடுத்தால் முனையும் போச்சு, பரப்பும் போச்சு.

வழி, தொடாமல் ஆட்டுவது. உங்கள் டேப்பிங் மோடும் ஆட்டுவதுதான், ஆனால் அதில் அளப்பது வீச்சு. வெற்றிடத்தில் அது சரிப்படாது. காற்றின் தடை இல்லாததால் கான்டிலீவரின் தரக்காரணி, அதாவது ஆட்டம் எவ்வளவு நேரம் அடங்காமல் நீடிக்கும் என்று காட்டும் கியூ மதிப்பு, பல ஆயிரங்களுக்கு ஏறிவிடும். வீச்சு புதிய நிலைக்கு வந்து நிற்கவே நேரம் பிடிக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் அப்படிக் காத்திருந்தால் படம் முடிவதற்குள் வெப்பநிலை மாறி எல்லாம் நகர்ந்திருக்கும். 1991இல் ஆல்பிரெக்ட், குரூட்டர், ஹோர்ன், ருகார் நால்வரும் வேறு வழி காட்டினார்கள்: வீச்சை மாறாமல் வைத்துக்கொண்டு அலைவெண்ணை அளப்பது. முனையில் ஒரு இழுவிசை சேர்ந்தால் கான்டிலீவரின் இயல்பு அலைவெண் கொஞ்சம் இறங்கும். அந்த மாற்றம் உடனுக்குடன் தெரியும், கியூ எவ்வளவு உயர்ந்தாலும். சொல்லப்போனால் கியூ உயர உயர இரைச்சல் குறையும். காற்றில் தொல்லையாக இல்லாத ஒன்று வெற்றிடத்தில் தொல்லையாகி, அளக்கும் முறையை மாற்றியதும் வரமாகிவிட்டது.

இந்த முறையில் ஃபிரான்ஸ் கீசிபில் 1995இல் 7×7ஐ எடுத்தார். கான்டிலீவரின் விறைப்பு மீட்டருக்கு 17 நியூட்டன், அலைவெண் 114 கிலோஹெர்ட்ஸ், வீச்சு 34 நானோமீட்டர், வைத்திருந்த அலைவெண் இறக்கம் 70 ஹெர்ட்ஸ். அதே வருடம் ஜப்பானில் கிதாமுரா, இவாத்சுகி இருவரும் எடுத்தார்கள். இந்த எண்களில் ஒன்றைக் கவனியுங்கள். அணுவின் செய்தி அரை நானோமீட்டருக்குள் இருக்கும்போது 34 நானோமீட்டர் ஏன் ஆட்ட வேண்டும்? ஒட்டாமல் திரும்பி வருவதற்காக. விறைப்பையும் வீச்சையும் பெருக்கினால் கிடைக்கும் திரும்பு விசை 580 நானோநியூட்டனுக்குப் பக்கம். எந்தப் பிணைப்பும் அதைப் பிடித்து வைக்க முடியாது. ஆனால் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது: ஒவ்வொரு ஆட்டத்திலும் பெரும்பகுதி நேரம் முனை தூரத்தில், மேளச் சத்தத்தில், வீணாகத் திரிகிறது.

அதனால் கீசிபில் விறைப்பைக் கூட்டினார். கைக்கடிகாரத்துக்குள் நொடிக்கு 32,768 தடவை ஆடும் குவார்ட்ஸ் இசைக்கவை இருக்கிறதே, அதை எடுத்து ஒரு காலை அசையாமல் ஒட்டிவிட்டு, மறுகாலில் முனையைப் பொருத்தினார். கியூபிளஸ் என்று பெயர். விறைப்பு மீட்டருக்கு 1800 நியூட்டன். இவ்வளவு விறைப்பாக இருந்தால் வீச்சை ஒரு நானோமீட்டருக்கும் கீழே, 0.1 நானோமீட்டருக்குக்கூட, குறைக்கலாம், முனை ஒட்டாது. 30 கிலோஹெர்ட்ஸில் ஆடும் உணரியில், மீட்டருக்கு 10 நியூட்டன் அளவுக்கு விசைச்சரிவு (தூரத்தோடு விசை மாறும் வேகம்) வந்தால் அலைவெண் 83 ஹெர்ட்ஸ் நகரும், தாராளமாக அளக்கலாம். குவார்ட்ஸ் தானே மின்னழுத்தம் தருவதால் லேசரும் வேண்டாம். விலை மலிந்த கடிகார உதிரிபாகம் இந்தத் துறையையே திருப்பிப் போட்டது எனக்கு இன்றும் சந்தோஷம் தரும் விஷயம்.

2000இல் இந்த உணரியால் எடுத்த 7×7 படத்தில் ஒவ்வொரு அணுவும் இரண்டு பிறைகளாகத் தெரிந்தது. அணுவுக்குள்ளே இருக்கும் எலெக்ட்ரான் முகில்களைப் பார்த்துவிட்டோம், முனையின் நுனி அணுவிலிருந்து இரண்டு பிணைப்புகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று விளக்கினார்கள். முனையின் உயரத்தைத் தானாகச் சரிசெய்யும் ஃபீட்பேக்கின் குளறுபடி என்று வேறு குழு மறுத்தது. என் கருத்தைக் கேட்டால், அந்த ஒரு படத்தை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் சாய மாட்டேன். ஆனால் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: படத்தில் தெரிவது பரப்பு மட்டுமல்ல, முனையும் சேர்ந்ததுதான்.

நிலைமின் விசைக்கும் கவனம் வேண்டும். முனைக்கும் பரப்புக்கும் இடையே, இரண்டும் வேறு வேறு பொருளாக இருப்பதால் தானே உண்டாகும் தொடர்பு மின்னழுத்த வேறுபாடு எப்போதும் இருக்கும்; அதைச் சரிக்கட்டும் மின்னழுத்தம் கொடுத்தால் மேளச் சத்தத்தில் ஒரு பகுதி அடங்கும். எஸ்.டி.எம்., ஏ.எஃப்.எம். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டினால் இன்னொரு சிக்கல். சிலிக்கான் நல்ல கடத்தி அல்லாததால், எஸ்.டி.எம்.மின் சுரங்க மின்னோட்டம் (இடைவெளியைத் தாவும் மின்னோட்டம்) ஓடும்போது முனைக்கு அடியில் மின்னழுத்தம் விழுகிறது, நிலைமின் விசை குறைகிறது. அணு இருக்கும் இடத்தில் மின்னோட்டம் கூடுவதால் இல்லாத விலக்குவிசை இருப்பதுபோலத் தெரியும். 2011இல் இதைச் சுட்டிக்காட்டி மாயவிசை என்று பெயரும் வைத்தார்கள்.

இதற்குப் பிறகு வந்தவை வேகமாக வந்தன. ஒசாகா குழு 2003இல் ஒரு சிலிக்கான் அணுவை முனையால் மெல்ல அழுத்திப் பிடுங்கியது, காலியிடத்தில் மறுபடி ஒன்றை வைத்தும் காட்டியது. மின்சாரம் இல்லை, வெறும் இயந்திர விசை. 2007இல் சிலிக்கான், வெள்ளீயம், ஈயம் மூன்றும் கலந்த பரப்பில் எந்த அணு எது என்று அடையாளம் கண்டார்கள். முனை மாறினால் விசையின் அளவு மாறும். ஆனால் ஒரே முனையால் அளந்த உச்ச ஈர்ப்புவிசைகளின் விகிதம் மாறுவதில்லை. சிலிக்கானை 100 என்று வைத்தால் வெள்ளீயம் 77, ஈயம் 59. முனையின் சங்கதியைப் படத்திலிருந்து பிரித்தெடுத்த இந்த வேலைதான், என்னைக் கேட்டால், இந்தத் துறையின் உச்சம்.

நம் பகுதியில் இப்படி ஒரு கருவி வைக்க முடியுமா என்று அடுத்து கேட்பீர்கள். முடியும், ஆனால் இடம் பார்க்க வேண்டும். வாளையாறிலிருந்து கஞ்சிக்கோடு வழியாகப் போகும் நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் ராத்திரி பகல் ஓய்வதில்லை. தரைத்தளம், தனி அஸ்திவாரம், ஸ்பிரிங் தொங்கல், காந்தத்தால் ஆட்டத்தை அடக்கும் சுழல்மின்னோட்டத் தடுப்பு எல்லாம் வேண்டும். படம் எடுக்கும்போது டர்போ பம்பை நிறுத்திவிட்டு, அசையும் பாகமே இல்லாத அயான் பம்பில் ஓட்டுவார்கள். மின்வெட்டுக்கு யு.பி.எஸ். கட்டாயம், சேம்பரைச் சுட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் இரண்டு நாள் உழைப்பு வீண்.

இப்போது இருக்கும் கருவியை வைத்து என்ன செய்யலாம்? சிலிக்கானை விடுங்கள். செல்லோடேப் ஒட்டி உரித்த மைக்காவை, முனையைப் பரப்பில் தேய்க்கும் கான்டாக்ட் மோடில், சின்ன ஸ்கேனில், வேகமாக எடுத்துப் பாருங்கள். 0.52 நானோமீட்டர் இடைவெளியில் அறுகோண ஒழுங்கு வரும். அதை அணுப்படம் என்று எழுதாமல், படிக ஒழுங்கு என்று எழுதுங்கள். மேலே சொன்ன காரணத்தால் வித்தியாசம் பெரியது. கிராஃபைட்டில் 0.335 நானோமீட்டர் உயரப் படிகள் கிடைக்கும். செங்குத்து அளவைச் சரிபார்க்க அது போதும். எதை எடுத்தாலும் இடமிருந்து வலம், வலமிருந்து இடம் இரண்டு திசைப் படங்களையும் சேமியுங்கள், ஸ்கேன் கோணத்தை மாற்றியும் ஒன்று எடுங்கள். வரிசைகள் கோணத்தோடு சேர்ந்து சுழன்றால் அது பரப்பு. சுழலாமல் அப்படியே நின்றால் ஐம்பது ஹெர்ட்ஸ் மின்சாரமோ, மேலே ஓடும் ஃபேனோ. ஃபேனை நிறுத்திவிட்டு மறுபடி எடுங்கள்.